சீனப் பிள்ளைகளுக்கு மட்டும் ஒரு சோதனை

கசெற் என்றால் என்னவென்று கேட்காத வயதுக்காரர்களுக்குத்தான் இதை எழுதுகிறேன். நாடா சிக்கிக்கொண்டால் பென்சிலை ஓட்டைக்குள் விட்டுச் சுற்றியவர்கள் நாங்கள். ஊருக்குக் கடிதம் எழுத நேரமில்லாமல் அதில் பேசி அனுப்பியவர்கள். ஆகவே, ஒரு காலத்தில் என் குரலும் ஒரு கசெற்றில் இருந்தது என்று சொன்னால் உங்களுக்கு விளங்கும்.

எனக்கு எழுதிப் பழக்கமில்லை. கூட்டங்களில் யாராவது என்னைப் பேசச் சொல்லிவிடுவார்களோ என்று பயந்து தேத்தண்ணி ஊற்றும் மேசைப் பக்கம் ஒதுங்கிவிடுகிறவள் நான். ஆனால் போன மாதம் லண்டன் லூயிஷாமில் ரெயில் ஏறியபோது, எதிர் இருக்கையில் இரண்டு சீனப் பள்ளிப் பிள்ளைகள் ஓர் ஆங்கில வாசிப்புத் தாளை மடியில் விரித்து வைத்து, தங்கள் மொழியில் அதைப் பற்றி வாதாடிக்கொண்டு வந்தார்கள். ஒருத்தி தாளில் விரலை வைத்து ஏதோ சொன்னாள். மற்றவள் இல்லையென்று தலையாட்டினாள். எனக்கு நெஞ்சுக்குள் எரிந்தது. பேரப்பிள்ளை காணும் வயதில் பள்ளிக்கூடப் பிள்ளைகளைப் பார்த்துப் பொறாமைப்படுவதா என்று என்னையே கேட்டேன். அது அவர்கள்மேல் வந்த பொறாமை இல்லை. அது பழையது.

நானும் அம்மாவும் லண்டனுக்கு வந்த புதிது. அப்பா யாழ்ப்பாணத்தில் நின்றுவிட்டார். லூயிஷாமில் மாமாவின் வீட்டில், சந்தைக்குப் பின்புறத்து மாடியில், முன்னறையை எங்களுக்குத் தந்திருந்தார்கள். மாமா அம்மாவின் மூத்த அண்ணன். சொலிசிற்றர்களின், அதாவது வழக்கறிஞர்களின், அலுவலகங்களில் எங்கள் ஆட்களுக்கு மொழிபெயர்க்கப் போவார். அகதி வழக்குக்காரர் பேசுவதை ஆங்கிலத்தில் சொல்வதும் எழுதிக் கொடுப்பதும் அவர் வேலை. அதனால் எங்கள் சனத்திடையே அவருக்கு ஒரு மதிப்பு இருந்தது. அம்மா வீட்டில் இருந்தபடி ஒரு தொழிற்சாலைக்குப் பாவாடைகளில் சிப் தைத்துக் கொடுத்தார். நாள் முழுக்க மெசின் சத்தம். கம்பளத்தில் காலை வைத்தால் நூல் துண்டுகள் ஒட்டிக்கொள்ளும்.

பள்ளியில் ஆங்கிலம் போதாத பிள்ளைகளுக்கென்று ஒரு சின்ன அறை இருந்தது, சாப்பாட்டு மண்டபத்துக்குப் பின்னால். காலையிலேயே கஸ்ரட் வாசமும் அவித்த முட்டைக்கோவா வாசமும் சுவரால் வரும். அங்கே அரைவாசிப் பேர் சீன மொழி பேசும் பிள்ளைகள். ஹொங்கொங்கிலிருந்து வந்தவர்கள். தமிழ் நான் ஒருத்திதான். என் பக்கத்துக் கதிரையில் இருந்தவள் எங்கள் தெருமுனைச் சீனச் சாப்பாட்டுக் கடைக்காரரின் மகள். அவளுடைய கார்டிகனில் எப்போதும் பொரித்த எண்ணெய் வாசம் இருக்கும். அவள் அதைப் பற்றிக் கவலைப்பட்டதே இல்லை. நான் என் உடுப்பில் தாளித்த வாசம் இருக்குமோ என்று பஸ்ஸில்கூட மணந்து பார்க்கிறவள். அவள்மேல் எனக்கு வந்த முதல் பொறாமை அதுதான்.

அந்த ஆண்டுக் கோடை விடுமுறைக்குப் பிறகு யார் யாரைப் பெரிய ஆங்கில வகுப்புக்கு அனுப்புவது, யார் யாரை இதே அறையில் வைத்திருப்பது என்று எங்கள் ரீச்சர் முடிவெடுக்க வேண்டியிருந்தது. பெரிய வகுப்புக்குப் போனால்தான் பெரிய சோதனை எழுதலாம். அதை எழுதினால்தான் மேலே படிக்கலாம். அறையிலேயே இருந்தால் படிப்பு அத்தோடு சரி. இது எங்கள் எல்லோருக்கும் தெரியும்.

எனக்கு வாசிக்க வரும். ஊரில் படித்தபடியே சத்தமாக, நிறுத்தாமல் வாசிப்பேன். அம்மா மெசினை நிறுத்திவிட்டுக் கேட்டுக்கொண்டிருப்பார். வாசித்தது விளங்கியும் விடும், ஆனால் தமிழில்தான் விளங்கும். கேள்விக்கு ஆங்கிலத்தில் பதில் எழுதச் சொன்னால் கையில் ஒன்றும் வராது. பதில் உள்ளே இருக்கும், வெளியே வர வழியிருக்காது. ரீச்சர் தாளைத் திருப்பித் தரும்போது மூக்குக் கண்ணாடியைக் கழற்றிச் சங்கிலியில் தொங்கவிட்டு, என்னைப் பரிதாபமாகப் பார்ப்பார். இந்தப் பிள்ளைக்கு வாசிப்பது விளங்கவில்லை என்று அவர் முடிவு கட்டியிருந்தார். அதில் அவர் பிழையில்லை. அவருக்குத் தெரிந்தது தாள் மட்டும்தான்.

வசந்தகாலத்தில் யூனிவர்சிற்றியிலிருந்து ஓர் இளம் பெண் வந்தார். அவரும் சீனர். சீன மொழி பேசும் உயர்பள்ளிப் பிள்ளைகள் ஆங்கிலத்தில் வாசிப்பதை எவ்வளவு தூரம் விளங்கிக்கொள்கிறார்கள் என்று பார்க்க வந்திருக்கிறார் என்று ரீச்சர் சொன்னார். நான் அவருக்கு மனத்துக்குள் சோதனை மிஸ் என்று பெயர் வைத்தேன். கட்டைத் தலைமயிர், பெரிய துணிப்பை, அதற்குள் ஒரு ரேப் ரெக்கோடர்.

சோதனை மிஸ் ஒவ்வொரு சீனப் பிள்ளையாக நூலகத்தின் பின் அறைக்குக் கூட்டிக்கொண்டு போவார். அவர்கள் திரும்பி வரும்போது வாயோரத்தில் பிஸ்கட் தூள் இருக்கும். ஒருவன் கொட்டாவி விட்டுக்கொண்டு வந்தான். சோதனைக்குப் போய்விட்டுக் கொட்டாவி விடுகிறவனை நான் அதுவரை கண்டதில்லை.

"என்ன கேட்டவ?" என்று கடைக்காரர் மகளிடம் கேட்டேன். எங்கள் இரண்டு பேருக்கும் இருந்த அரைகுறை ஆங்கிலத்தில்தான் பேசிக்கொள்வோம். அதை நான் இங்கே தமிழாக்கியே எழுதுகிறேன்.

"ஒன்றும் கேட்கவில்லை. ஒரு கதை தந்தா. வாசித்தேன். தாளை வாங்கி வைத்துவிட்டு, இப்போது எனக்குச் சொல்லு என்றா."

"ஆங்கிலத்திலா?"

"இல்லை. எங்கள் பாஷையில். வீட்டில் எப்படிச் சொல்வேனோ அப்படி. ரேப்பில் பிடிக்கிறா."

அவர்களுக்கு ஆங்கிலத்தில் வாசித்ததைத் தங்கள் மொழியில் சொன்னால் போதும். அதைக் கேட்க ஓர் ஆள், அதுவும் பெரிய படிப்புப் படித்த ஆள், பஸ் ஏறி வந்திருக்கிறார். எனக்கு யார் வருவார்? பிஸ்கட்டை நான் மறந்துவிடுவேன். இதை மறக்க முடியவில்லை.

வீட்டில் சொன்னேன். அம்மா சிப்பைப் பல்லால் கடித்து இழுத்தபடி கேட்டார்.

"ஏன் அண்ணை, சீனப் பிள்ளையளுக்கு மட்டும் என்ன தனிச் சோதனை? எங்கட பிள்ளையள் என்ன, வாசிக்கத் தெரியாததுகளே?"

"அவங்களுக்கு ஆள் இருக்கு தங்கச்சி. எங்களுக்கு ஆர் இருக்கினம்?" என்றார் மாமா. பிறகு என்னைப் பார்த்து, "நீ போய்க் கேளன் பிள்ளை. வாய் இருக்குத்தானே?" என்றார்.

எனக்கு வாய் இருந்தது. நான் அதைத் திறக்கவில்லை. சோதனை மிஸ் வரும் நாட்களில் நூலக வாசலில் போய் நின்றேன், அவ்வளவுதான். புத்தகம் பார்க்கிற மாதிரி நின்றேன். கதவின் கண்ணாடி வழியே ரெக்கோடரின் சிவப்பு விளக்குத் தெரியும். உள்ளே ஒரு பிள்ளை கையை ஆட்டி ஆட்டிப் பேசும். மிஸ் முகத்தைச் சாய்த்துக் கேட்டுக்கொண்டிருப்பார். அந்தச் சாய்ந்த முகத்தைப் பார்க்கத்தான் நான் போனேன் என்று இப்போது நினைக்கிறேன்.

கடைசியில் எனக்காகக் கேட்டவள் கடைக்காரர் மகள். நான் அவளிடம் சொல்லவேயில்லை. ஒருநாள் அவள் கதவைத் திறந்து, என் கையைப் பிடித்து உள்ளே இழுத்து, "மிஸ், இவளுக்கும் ஆசை" என்றாள். எனக்கு வெட்கத்தில் காது சுட்டது. அவளிடமிருந்தே இதுவும் கிடைக்கவேண்டியிருக்கிறதே என்ற எரிச்சலும் வந்தது.

சோதனை மிஸ் சிரித்தார். "உன் பாஷை எனக்குத் தெரியாதே" என்றார். பிறகு கொஞ்சம் யோசித்து, "வீட்டில் இரண்டும் தெரிந்தவர்கள் யாராவது இருக்கிறார்களா?" என்று கேட்டார்.

மாமாவைப் பற்றிச் சொன்னேன். சோதனை மிஸ் ரீச்சரிடம் போய்ப் பேசினார். தன் ஆராய்ச்சியில் என்னைச் சேர்க்க முடியாது என்றும், ஆனால் நான் நன்றாகச் செய்தால் அதை ரீச்சர் பார்ப்பார் என்றும் வந்து சொன்னார். பெரிய வகுப்புக்கு அனுப்புவதில் இதையும் கணக்கில் எடுப்பதாக ரீச்சர் ஒப்புக்கொண்டாராம். அதற்குமேல் எனக்கு ஒன்றும் கேட்கவில்லை.

கதை இதுதான். ஒரு தீவுக்கு நடந்து போய்க் கடிதம் கொடுக்கும் தபால்காரர். கடல் வற்றும்போது மணலால் நடந்து போய், பெருகுமுன் திரும்பிவிட வேண்டும். ஒருநாள் பாரமான ஒரு பொதியால் தாமதமாகிவிடுகிறது. தண்ணீர் ஏறத் தொடங்குகிறது. பொதியைப் போட்டுவிட்டு ஓடிக் கரையேறுகிறார். நடுவில் அவருடைய சகோதரியைப் பற்றியும் ஏதோ வந்தது. அந்தப் பந்தி எனக்குச் சரியாகப் பிடிபடவில்லை.

"தெரியாத இடத்தில் தெரியாது என்று சொல்லு. அது பிழையில்லை" என்றார் சோதனை மிஸ். சிவப்பு விளக்கு எரிந்தது.

வந்து இறங்கிய பிறகு வீட்டுக்கு வெளியே நான் வாய் திறந்து தமிழ் பேசியது அன்றைக்குத்தான். நிறுத்தி நிறுத்தித்தான் சொன்னேன். அவர் கால் புதைந்தது ஏதோ ஒரு மண்ணில், என்ன மண் என்று தெரியாது என்றேன். அக்காவோ தங்கச்சியோ ஒரு ஆள் வருது, ஏன் வருது என்று தெரியாது என்றேன். பிறகு, கதையில் இல்லாத ஒன்றையும் சொன்னேன். தண்ணி பின்னால் வருகிறது என்று அந்த மனிசனுக்குத் தெரியும், ஆனால் திரும்பிப் பார்க்கவில்லை, திரும்பிப் பார்த்தால் கால் ஓடாது. நாங்கள் ஊரை விட்டு வெளிக்கிட்டபோது கடல்நீரேரியில் இடுப்பளவு தண்ணீரில் நடந்துதான் வள்ளத்துக்குப் போனோம். அதனால் எனக்கு அது தெரிந்திருந்தது. சோதனை மிஸ் ஒரு சொல்லும் விளங்காமல் முகத்தைச் சாய்த்துக் கேட்டுக்கொண்டிருந்தார். பிஸ்கட் நடுவில் ஜாம் வைத்தது.

கசெற்றின் பிரதி ஒன்றையும் கதைத் தாளையும் மாமாவுக்குக் கொடுத்துவிட்டார். பிள்ளை சொன்னதை அப்படியே ஆங்கிலத்தில் எழுதித் தரும்படி ஒரு துண்டுக் கடிதமும் வைத்திருந்தார்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், சாப்பிட்டபின், மாமா மேசையைத் துடைத்துவிட்டுச் சொலிசிற்றர் வேலைக்கு இருப்பதுபோல் இருந்தார். கசெற்றைப் போட்டுக் கேட்டார். நிறுத்தினார்.

"இதென்ன பிள்ளை, 'ஏதோ ஒரு மண்' எண்டு?"

"எனக்கு அந்தச் சொல்லுத் தெரியேல்லை மாமா."

"புதைமணல். இஞ்சை தாளில கிடக்குத்தானே. அதைப் போடுவம்."

"தெரியாட்டித் தெரியாதெண்டு சொல்லச் சொன்னவ மாமா."

மாமா சிரித்தார். "எல்லா இடத்திலயும் முதல்ல அதைத்தான் சொல்லுவினம். விசாரணை அறையிலயும், தெரியாட்டித் தெரியாதெண்டு சொல்லுங்கோ, ஒரு பிரச்சினையும் இல்லை எண்டுதான் தொடங்குவினம். எங்கட சனம் நம்பிப்போட்டுச் சொல்லும். ஊரில ரோட்டுக்கு என்ன பேர், தெரியாது. எந்தக் கிழமை வந்தனி, தெரியாது. பிறகு கடிதம் வரேக்கைதான் விளங்கும். தெரியாது எண்டவனுக்கு இந்த நாட்டில இடமில்லை பிள்ளை."

"மாமா சொல்லுறதைக் கேள்" என்றார் அம்மா மெசினிலிருந்து. "உன்னை மாதிரி எத்தினை பேரை அவர் கரை சேர்த்தவர்."

மாமா மறுபடி போட்டார். மறுபடி நிறுத்தினார்.

"திரும்பிப் பார்த்தாக் கால் ஓடாதெண்டு சொல்லுறாய். இது கதையில எங்கை கிடக்கு?"

"இல்லை மாமா. நான் நினைச்சது."

"நினைக்கிறதெல்லாம் சொல்லப்படாது. ஒண்டைக் கூடச் சொன்னா ஒன்பது கேள்வி கேப்பாங்கள்."

அதை அவர் எழுதவில்லை. சகோதரியின் பந்தியைத் தாளைப் பார்த்து முழுதாக எழுதினார். அவருடைய ஆங்கிலக் கையெழுத்து அச்சடித்ததுபோல் இருக்கும். எழுதி முடித்து உரத்து வாசித்தார். அம்மாவுக்குக் கண் கலங்கியது.

"இனிச் சீனப் பிள்ளையள் ஒருத்தரும் கிட்ட நிக்கேலாது" என்றார் மாமா.

மாமாவிடம் கெட்ட எண்ணம் ஒன்றும் இல்லை. ஒரு வழக்கில் ஒரு ஓட்டை இருந்தாலும் மனிதர் வெளியே தள்ளப்படுவதைக் கண்டு கண்டு, ஓட்டை அடைப்பதே அவருக்குக் கைப்பழக்கமாகிவிட்டது. பள்ளிக்கூடத்து நூலகத்தில் ஓட்டையைத்தான் பார்க்கக் கேட்கிறார்கள் என்று அவருக்கு எப்படித் தெரியும்? எனக்கே அன்றைக்குப் பாதிதான் தெரிந்தது. அவர் வாசிக்கக் கேட்டபோது எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது. கடைக்காரர் மகளை வென்றுவிட்டேன் என்று நினைத்துக்கொண்டு படுத்தேன்.

அடுத்த கிழமை சோதனை மிஸ் என்னைக் கூப்பிட்டார். ரெக்கோடர் மேசையில் இல்லை. மாமாவின் தாள் மட்டும் இருந்தது.

"உன் கசெற்றைப் பலமுறை கேட்டேன்" என்றார். "ஒரு சொல்லும் விளங்கவில்லை. ஆனால் நீ நிற்கிறாய். யோசிக்கிறாய். ஓரிடத்தில் நிறைய நேரம் நிற்கிறாய். பிறகு கடைசியில் வேகமாக, ஆசையாக எதையோ சொல்கிறாய். இந்தத் தாள் ஓரிடத்திலும் நிற்கவில்லை."

தாளை என் பக்கம் திருப்பி வைத்தார்.

"இது எல்லாம் நீ சொன்னதுதானா?"

அவர் குரலில் குற்றம் இல்லை. இல்லை என்று நான் சொன்னால் என்ன நடந்திருக்கும் என்று இப்போது யோசித்தால், அவர் என்னைத் திரும்ப இருத்தி ஒவ்வொரு சொல்லாகக் கேட்டிருப்பார் என்றுதான் தோன்றுகிறது. அன்றைக்குத் தோன்றியது வேறு. பிள்ளை சொல்லாததை மொழிபெயர்ப்பாளர் எழுதினார் என்று ஒரு ஆங்கிலப் பள்ளிக்கூடத்தில் பேச்சு எழும்பினால், அது சொலிசிற்றரிடம் போகும். மாமாவை இனி வேலைக்குக் கூப்பிடமாட்டார்கள். சனத்துக்கு அவர் எழுதிக் கொடுத்த அகதி வழக்குக் கடதாசிகளை எல்லாம் திரும்ப எடுத்துப் பார்ப்பார்கள். எங்களுடைய கடதாசியும் அவர் எழுதியதுதான். எங்களுக்கு இன்னும் பதில் வரவில்லை.

"ஓம்" என்று தமிழில் சொன்னேன். அவர் விளங்காமல் பார்த்தார். தலையாட்டினேன்.

சீனப் பிள்ளைகளின் தாள்கள் ஒரு பச்சைக் கோப்பில் இருந்தன. சோதனை மிஸ் என் தாளை அதற்குள் வைக்காமல், மடித்துப் பைக்குள் குடையின் பக்கத்தில் வைத்தார். "கையெழுத்து மிக அழகு" என்றார். அதன் பிறகு அவரை நான் காணவில்லை.

கசெற்றின் பிரதி வீட்டில் இருந்தது. ஒரு பின்னேரம் பள்ளியால் வந்தபோது அம்மா அதில் அப்பாவுக்குப் பேசிக்கொண்டிருந்தார். புதுக் கசெற் வாங்காமல், கையில் அகப்பட்டதைப் போட்டு, நான் சொன்ன கதைக்கு மேலேயே பதிந்திருக்கிறார். "பிள்ளை நல்லாப் படிக்கிறாள். யூனிவர்சிற்றியில இருந்து ஆள் வந்து அவளைச் சோதிச்சது. அண்ணை வாசிச்சுக் காட்டினவர், நீங்கள் கேட்டிருக்க வேணும்" என்று சொல்லிக்கொண்டிருந்தார். நான் கதவடியில் புத்தகப் பையோடு நின்றேன். அம்மா என்னைப் பார்த்துச் சிரித்து, "வா, அப்பாவோட ஒரு சொல்லுக் கதை" என்று கூப்பிட்டார். சுகமாய் இருக்கிறன் அப்பா என்று சொன்னேன். அது ஊருக்குப் போய்ச் சேர்ந்தது. அப்பா அதைப் பலருக்குப் போட்டுக் காட்டினாராம்.

விடுமுறைக்கு முன் ரீச்சர் பெரிய வகுப்புக்குப் போகிறவர்களைச் சொன்னார். கடைக்காரர் மகள் போகிறாள். நான் இல்லை. "உனக்கு இன்னும் கொஞ்சக் காலம் தேவை" என்று ரீச்சர் என் தோளைத் தட்டினார். நான் சிரித்தேன். எனக்குச் சிரிப்பது சுலபம், இப்போதும்.

வீட்டில் மாமாவால் நம்ப முடியவில்லை. "அவங்கள் தங்கட ஆக்களைத்தான் எடுப்பாங்கள்" என்றார். நான் மறுத்துப் பேசவில்லை. அதற்குப் பிறகும் பல வருடம், கோயிலில் யாராவது பிள்ளைகளின் படிப்பைப் பற்றிப் பேசினால், மாமா அந்தக் கதையை எடுப்பார். எங்கட பிள்ளை ஒரு சொல்லும் பிசகாமல் அச்சொட்டாய்ச் சொன்னவள், சீனப் பிள்ளைக்குத்தான் இடம் குடுத்தவங்கள் என்பார். ஆட்கள் என்னைப் பாவம் என்று பார்ப்பார்கள். நான் தேத்தண்ணி ஊற்றப் போய்விடுவேன். அந்தக் காலத்துப் பெரியவர்களில் மாமாவைப் போல் எங்களுக்காக ஓடித் திரிந்தவர் ஒருவரும் இல்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். எங்கள் கடதாசி கிடைத்தது. அவர் எழுதியதால்தான் கிடைத்தது என்று அம்மா கடைசிவரை நம்பினார்.

பள்ளி மூடும் நாளில் கடைக்காரர் மகள் ஒரு பொட்டலம் இறால் அப்பளம் கொண்டுவந்தாள். இரண்டு பேரும் மதிலோரம் இருந்து சாப்பிட்டோம். கை முழுக்க எண்ணெய். அவளுக்குச் சந்தோசம் தாங்கவில்லை, ஆனால் எனக்கு முன்னால் அதைக் காட்டாமலிருக்கப் பார்த்தாள். அது எனக்கு இன்னும் எரிந்தது.

"நீ என்னத்தைச் சொன்னாய், அவ்வளவு நன்றாக?" என்று கேட்டேன்.

"நன்றாகவா?" அவள் சிரித்து இருமினாள். "எனக்குப் பாதி தெரியாது. மிஸ் அதை ஆங்கிலத்தில் எழுதி எனக்குக் காட்டினா. எனக்கே வெட்கமாகப் போய்விட்டது. 'இந்தச் சொல் எனக்குத் தெரியாது, சாப்பாட்டுச் சாமான் என்று நினைக்கிறேன்.' அப்படியே எழுதியிருந்தா. கொஞ்சம் தள்ளி, 'இதுவும் தெரியாது, ஆனால் அந்த ஆள் பயப்படுகிறார்.' அதற்குப் பக்கத்தில் சரி போட்டிருந்தா. பெரிய சரி."

"தெரியாது என்றதற்கா?"

"ஓம்" என்றாள். அந்தச் சொல்லை என்னிடமிருந்து பிடித்திருந்தாள். "தெரியாது என்றதற்கும், பயப்படுகிறார் என்றதற்கும்."

அவளுடைய அப்பா கடையைத் திறக்க வேண்டும் என்று அவள் எழும்பினாள். கையைக் கார்டிகனில் துடைத்துக்கொண்டு ஓடினாள். அவள் பிறகு நன்றாகப் படித்தாள் என்று கேள்வி. நல்ல வேலை, நல்ல வீடு. அதெல்லாம் எனக்குப் பெரிதாகப் படவில்லை. இங்கே நல்ல வீட்டில் இருக்கிறவர்கள் எங்கள் ஆட்களிலும் நிறையப் பேர். என் பொறாமை அந்தப் பெரிய சரியோடு நின்றுவிட்டது. அவளுடைய 'தெரியாது', 'தெரியாது' என்றே போய்ச் சேர்ந்தது.